வழியனுப்பிப் பழகிய வாய்

...அப்படியென்ன பெரிய வார்த்தை, இருங்க என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும், இரண்டில் ஒன்று, அதுவும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள், அதற்குள் புருஷன் அகமது மீரான் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்தாக வேண்டும், ரியாத்தில் பழைய முதலாளி மறுபடியும் விசா அனுப்பியிருக்கிறார், மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மனுஷன் பைய சொன்னார், "இருக்கச் சொன்னா இருக்கேன், போகச் சொன்னா போறேன், உன் பொறுப்பு" என்று, சொல்லிவிட்டு அஸர் தொழப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். ஜனாபா அடுக்களையில் ராத்திரிக் குழம்புக்கு மீன் அலசிக்கொண்டிருந்தாள், அலசிய மீனையே மறுபடி அலசிக்கொண்டிருந்தாள். நல்ல பொறுப்பு போங்கள். ரேஷன் கடை, பேங்கு, மகள் தஸ்மியாவின் கல்யாணம், வீட்டுக்குத் தளம் போட்டது, எல்லாம் ஒற்றையாளாய் முடித்தவள்தான், கொத்தனாரை அதட்டிய வாய்தான், புருஷன் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்ல மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது... யாரைக் குறை சொல்ல? இத்தனை வருஷமும் பேசியது டேப்ரிக்கார்டரிடம் அல்லவா, வெள்ளிக்கிழமை ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டில் பேசுவாள், பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த வீட்டுப் பாத்துவின் ஆடு முருங்கையைத் தின்றுவிட்டது, உங்களை நினைத்துக்கொண்டே படுத்தேன், எல்லாம், மேலப்பாளையத்திலிருந்து சவூதி போகிற யாராவது எடுத்துப் போவார்கள். அந்தப் பழக்கதோஷம், அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, இவள் பாட்டுக்குப் பட்டனை அமுக்கி, "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், நான் சொவம், நீங்க சொவமா இருக்கியளா" என்று தொடங்க, பக்கத்து அறையிலிருந்து, "வ அலைக்குமுஸ்ஸலாம், சொவமாத்தான் இருக்கேன்" என்று பதில் வந்தது. வெட்கத்தில் செத்தே போனாள். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலாவது தேவலை.

வந்த புதிதில், எப்போது திரும்பிப் போவார் என்றுதான் இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன, அல்லாஹ்வுக்குத் தெரியாததா... சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறார், சட்டையைத் தானே துவைக்கிறார், கேட்டால் "கேம்புல பழகிப்போச்சு" என்கிறார், பாத்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறாள், இவளுக்கு மானம் போகிறது. குவைத் சண்டையின்போது ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, ஆளை உயிரோடு கொடு, வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று அழுதவள், கொடுத்த பிறகு தட்டுக் கழுவுவதற்குக் குறைப்பட்டுக்கொண்டாளே, மனுஷ மனசு இருக்கிறதே... பிறகு நோன்பு வந்தது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு அவர் முந்தி எழுந்து, இஞ்சி தட்டிப்போட்டுச் சாயா வைத்து, தொட்டு எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு தலைமாட்டில் நின்று இருமினார். பேரப்பிள்ளை எடுத்த வயதில் தனக்காக ஒருவர் சாயாவோடு நிற்கிறார்... அன்றைக்குத்தான் உள்ளே என்னவோ இளகியது, அல்ஹம்துலில்லாஹ், தலை நரைத்த பிறகாவது கொடுத்தானே ரப்பு, இளவயதில் கொடுத்திருந்தால் இந்த அருமை தெரிந்திருக்குமோ என்னவோ, அதன் பிறகு அவர் கடைத்தெருவுக்குப் போய் வரச் சுணங்கினால்கூட இவளுக்கு வேலை ஓடுவதில்லை, முன்பிருந்த ஜனாபா எங்கே போனாள், அவள் போனதும் நல்லதுக்குத்தான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் நேராக அடுக்களைக்கே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, யோசிச்சியா?"

"போவாண்டாம் மச்சான். இங்கனயே இருங்க." மீனைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "இருன்னு என்னை யாரும் சொன்னதே இல்ல புள்ள" என்றார், யாரையும் குற்றம் சொல்கிற குரலில் அல்ல, சும்மா சொல்கிற மாதிரி.

யாரும் என்றால்... அவர் உம்மா அழுதுகொண்டேதான் அனுப்பினார், சரி, இவள்? ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்டி அடுக்கி, துஆ ஓதி ஊதி, போகிற ஆளைத் தடுக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு வாசல்வரை வந்தவள், அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அவர் ஒவ்வொரு தடவையும் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தானே போவார்... முதல் தடவையே சொல்லியிருந்தால் இருந்திருப்பாரோ? கேட்க வாயெடுத்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கேட்கவில்லை.