உறைக்காத வேர்

வச்சநாவிச் செடி மலையுச்சியில் நீலப் பூவோடு நிற்கும். பார்த்தால் பரம சாது. வேரில் மட்டும் எமன் குடியிருப்பான். அந்த வேரைப் பாலில் மூன்று முறை வேகவைத்து, விஷத்தை எடுத்துவிட்டு, மூட்டுவலித் தைலம் காய்ச்சுவதுதான் அண்ணியின் பிழைப்பு. கூட்டாளி, நாத்தனார். தைலத்தில் ஒற்றுமை, மற்றதில் எல்லாம் கீரியும் பாம்பும்.

விஷம் போய்விட்டதா என்று சொல்ல வேண்டியது நாக்கு. கடுகளவு வேரை நுனிநாக்கில் வைத்து, உடனே துப்பிக் கொப்பளிக்க வேண்டும். சுருக்கென்று குத்தினால் விஷம் இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் வேர் தயார்.

இந்த முறை வியாபாரி அனுப்பிய பச்சை வேரை, வீரியம் பார்க்க அண்ணி நாக்கில் வைத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. நாக்கு போனால் தொழில் போச்சு. நாத்தனாரிடம் சொன்னால் மானமும் சேர்ந்து போய்விடும்.

“எப்படி இருக்கு அண்ணி?”

“அப்பப்பா, நாக்கு சுருண்டே போச்சு! நீயும் பாரேன்.”

நாத்தனாரும் வைத்துப் பார்த்தாள். “ஐயோ, ஆமாம். சரியான ராட்சசன்!”

அண்ணிக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

மூன்று முறையும் வேகவைத்தாயிற்று. “பாத்துச் சொல்லுங்க, எண்ணெயில போட்டுடலாமா?” என்றாள் நாத்தனார்.

யாரோ ஒருவர் முழங்காலில் விஷத்தைத் தேய்ப்பார். அதற்குமேல் அண்ணியால் முடியவில்லை.

“என்னைக் கேக்காதடி. என் நாக்கு செத்துப்போச்சு. பச்சை வேரே உறைக்கல. பொய் சொன்னேன்.”

சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தால், நாத்தனார் கரண்டியை வைத்துவிட்டு அழுதாள்.

“எனக்கும்தான் அண்ணி உறைக்கல! நீங்க அப்படிச் சொன்னதும், என் நாக்குதான் போச்சுன்னு பயந்துட்டேன்.”

இருவரும் திருதிருவென்று முழித்தார்கள். பிறகு அண்ணி அலமாரியைத் திறந்து, போன தடவை மிஞ்சிய பச்சை வேரில் துளி சுரண்டினாள். ஆளுக்குக் கொஞ்சம் வைத்தார்கள். சுருக்! துப்பினார்கள், கொப்பளித்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாக்கு இரண்டும் கல்லுக்குண்டாட்டம் இருக்கின்றன. வியாபாரி அனுப்பியதுதான் வச்சநாவியே இல்லை, ஏதோ காட்டுக்கிழங்கு. அதற்குப் போய் இத்தனை பாலாபிஷேகம்!

அவனைப் போனில் பிடித்தாள் அண்ணி. திட்ட வாயைத் திறந்தால், அசல் வேர் பட்டு மரத்துப்போன நாக்கு புரளவில்லை. “ழ்ழா... வ்வே...” நாத்தனார் போனைப் பிடுங்கினாள், அவள் நிலைமை இன்னும் மோசம்.

“குழந்தைகிட்ட போனைக் குடுத்துட்டீங்களா?” என்றான் வியாபாரி.

பேச்சு வராமல் போனதற்காக இரண்டு பெண்கள் இவ்வளவு சந்தோஷப்பட்டது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.