உச்சியில் பிடிக்கும் எஞ்சின்

கடல் குடித்த எஞ்சினை வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெயின்ட் அடித்து, எண்ணெய் தடவி, புதிய ப்ளக் ஒன்றையும் போட்டுவிட்டால் அது புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும். கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ப்ளக்கைக் கழற்ற வேண்டும். ப்ளக் இருந்தால் உள்ளே அமுங்கும் காற்று கையை எதிர்க்கும், அந்த எதிர்ப்பில் மற்றக் குறைகள் மறைந்துவிடும். ப்ளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றும். கடல் குடித்தது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தபோது பிஸ்டன் எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடத்தில் சிலிண்டரின் சுவரைத் துரு வளையமாகத் தின்றிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த வளையம் போகாது.

பொத்துவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் கரையோரத்தில் இது தெரியாத ஆள் இல்லை. அப்படிப் பிடிக்கிறதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘சுனாமிச் சாமான்’.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது முனாப் விற்ற, எஞ்சின் வைத்த தண்ணீர்ப் பம்ப். முனாப் என் மனைவி கைருன்னிஸாவின் காக்கா, உடன்பிறந்த மூத்தவர். சுனாமிக்கு அடுத்த வருடம் என் கத்தரித் தோட்டத்துக்கு அவரிடம் அந்தப் பம்பை வாங்கினேன். ஒரு போகம்கூட ஓடவில்லை. பிரித்துப் பார்த்தேன், உள்ளே வளையம். அவர் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டேன். “எனக்குத் தெரியா மச்சான்” என்றார். நான் நம்பவில்லை. அன்றோடு அவர் எங்கள் வாசல் படலையைத் திறப்பதில்லை. கைருன்னிஸா தன் காக்காவைப் பார்க்க வேண்டுமானால் யாராவது கல்யாணம் செய்ய வேண்டும், அல்லது யாராவது மௌத்தாக வேண்டும்.

இப்படியே ஐந்து வருடம் போனது. யுத்தம் முடிந்த மறுவருடம் முனாப் கட்டாரிலிருந்து லீவில் வந்தார். கைருன்னிஸா எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து, ஒரு மாலை தேநீரோடு சொன்னாள்: “காக்கா றிமோட்டில ஓடுற லொறி ரெண்டு கொண்டந்திரிக்காராம். எண்ணெயில ஓடுற சாதி. ஒண்டு உங்களுக்கெண்டா தரலாமாம்.”

தேநீரை வைத்துவிட்டேன். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். நைட்ரோ எஞ்சினைப் பற்றிப் படித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. பற்றரியில் ஓடும் விளையாட்டுச் சாமான் வேறு, இது வேறு. எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின். மெதனோல், நைட்ரோமெதேன், ஆமணக்கெண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். நைட்ரோமெதேன் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனில் கொஞ்சத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் அதே அளவு காற்றை வைத்துக்கொண்டு கூடுதலான எரிபொருளை எரிக்கலாம். அத்தனை சிறிய எஞ்சினுக்கு அவ்வளவு வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

“யாருக்கு, பிள்ளைக்கா?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

“எனக்குத்தான்.”

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போகும்போது பின்னால் இருந்து சொன்னாள்: “இஞ்ச பாருங்க. லொறி நல்லதோ கூடாததோ எனக்கு வேணாம். இண்டைக்கும் சத்தம் போட்டீங்கெண்டா காக்கா எனக்கு இல்லாமப் போயிருவாரு. வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போறாரு, விளங்கிச்சா?”

விளங்கியது. ஆனாலும் சட்டைப் பையில் ப்ளக் கழற்றும் சாவி இருந்தது.

முனாப் சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருந்தார். நெற்றியில் நரை விழுந்திருந்தது. ஸலாம் சொன்னோம். கை கொடுத்தோம். இரண்டு பேருமே கையைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டோம்.

லொறிகள் மேசைமேல் நின்றன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பெரிய சில்லு, நீளமான சுருள்வில், பக்கத்தில் வளைந்த புகைக்குழாய். கட்டாரில் அவர் வேலை செய்யும் பட்டறையின் மேலாளர், ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவையாம். எரிபொருளைக் கொழும்பில் வாங்கினாராம்.

“வாற வழியில சோதனைச் சாவடியில பஸ்ஸால இறக்கிப்போட்டானுகள் மச்சான். பெட்டிக்குள்ள றிமோட், அன்டெனா, மணக்கிற தண்ணி. நீங்களெண்டா என்ன நினைப்பீங்க? கடைசியில றோட்டில ஓட்டிக் காட்டச் சொன்னான். காட்டின. புறகு அவனுகள் ஒவ்வொருத்தனா ஓட்டினானுகள். பஸ்ஸில இரிந்த சனம் எனக்கு ஏசின ஏச்சு!”

கைருன்னிஸா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. விற்கிறவர் நல்ல கதையாகச் சொன்னால், கதை முடியும்வரை சாமானை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நீலத்தைக் கையில் எடுத்தேன். லொறியின் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதற்குள் விரலை விட்டால் பிளைவீலைச் சுற்றலாம். ப்ளக்கைக் கழற்றினேன். சுற்றினேன். வெண்ணெய்போலச் சுற்றியது. சிவப்பை எடுத்தேன். ப்ளக்கைக் கழற்றினேன். சுற்றினேன்.

பிடித்தது.

மறுபடியும் சுற்றினேன். அதே இடம். பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது ஒரு பிடி, விரலை வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு தாண்டிப் போனது. நெஞ்சுக்குள் பழைய பம்ப் ஒரு சுற்றுச் சுற்றியது.

“சிவப்ப எடுங்க மச்சான்” என்றார் முனாப். “அதுதான் புதுசு.”

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சத்தியம் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும். பண்ணாததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

“எனக்கு நீலம் போதும்” என்றேன்.

“நீலம் வேணாம், அது தேஞ்சது.”

“தேஞ்சது இப்பிடி வழுக்குமா?”

“தேஞ்சபடியாத்தானே வழுக்குது.”

“அப்ப சிவப்பு ஏன் ஒரு இடத்தில பிடிக்குது?”

கைருன்னிஸா முந்தானை நுனியை விரலில் சுற்றத் தொடங்கினாள். அந்தக் கேள்வியை ஐந்து வருடத்துக்கு முன்பும் நான் அதே வார்த்தைகளில் கேட்டிருந்தேன்.

முனாப் சத்தம் போடவில்லை. “வெள்ளைக்காரன் புதுசெண்டா அப்பிடித்தான் இரிக்குமெண்டு சொன்னான். ஏனெண்டு எனக்குத் தெரியா. ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. புறகு கதைங்க.”

கடற்கரைக்குப் போனோம். அங்கே வீடுகள் இருந்த இடத்தில் தரைகள் மட்டும் கிடக்கின்றன, சீமெந்துத் தரைகள். முனாப் ஒரு தரையில் லொறிகளை வைத்தார். அது அவருடைய பழைய வீட்டின் தரை. குசினி இருந்த மூலையில் இன்னும் சிவப்புப் பூச்சு தெரிந்தது. ஓட்டுவதற்கு அதைவிட மட்டமான இடம் அந்தக் கரையில் இல்லை.

இந்த எஞ்சினின் ப்ளக்கில் பொறி வராது. உள்ளே பிளாட்டினம் கலந்த சிறிய கம்பிச் சுருள் இருக்கிறது. முதலில் பற்றரி வைத்து அதைச் சிவக்கச் சூடாக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பற்றரியை எடுத்துவிடலாம். எரியும் சூடும், மெதனோல் பிளாட்டினத்தில் படும்போது வரும் சூடும் சேர்ந்து கம்பியை அணையவிடாது.

நீலம் கயிற்றின் முதல் இழுப்பிலேயே எழும்பியது. தரையின் நீளத்துக்கும் பாய்ந்து, மணலில் இறங்கி, திரும்பி வந்தது. நான் முனாப்பை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நீலத்தின் குரல் கம்மியது. வேகத்தைக் குறைத்து லொறியை நிறுத்தியதும் எஞ்சின் அணைந்தது. கயிற்றை இழுத்தேன். கை ஓயும்வரை இழுத்தேன். சூடு ஆறும்வரை அது எழும்பவேயில்லை.

சிவப்பு லேசில் எழும்பவில்லை. கயிறு உச்சியில் இறுகி நின்றது. முனாப் தன் கையால் இழுத்துத்தான் எழுப்பினார். நீலப் புகையும் ஆமணக்கெண்ணெய் மணமும் வந்தன. அவர் அதை வேகமாக விடவில்லை. தொட்டி காலியாகும்வரை மெதுவாக வட்டம் போட்டார். இடையில் லொறியை நிறுத்தியபோதும் எஞ்சின் அணையாமல் தன்பாட்டுக்கு முனகியது.

“இப்ப ப்ளக்கைக் கழட்டுங்க மச்சான்.”

துணியைச் சுற்றிக்கொண்டு கழற்றினேன். சுற்றினேன். பிடி எங்கே? வழுக்கிக்கொண்டு சுற்றியது. அலுமினியத் தலை கையைச் சுட்டது. விரல் சுட்ட அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

சூடானால் உலோகம் விரியும். சிலிண்டரின் உச்சியில்தான் எரிகிறது, அடியைவிட உச்சி கூடுதலாகச் சூடாகும், கூடுதலாக விரியும். முதலிலேயே நேர்க் குழாயாகச் செய்தால் ஓடும்போது உச்சி அகன்று அமுக்கம் கசிந்துவிடும். அதனால் உச்சியை ஒரு மயிரளவு ஒடுக்கிச் செய்கிறார்கள். ஆறியிருக்கும்போது பிஸ்டன் அந்த ஒடுக்கத்தில் பிடிக்கும். சூடானதும் சரியாகிவிடும். ஓடி ஓடி அந்த ஒடுக்கம் தேய்ந்துபோனால் ஆறியிருக்கும்போதே வழுக்கும், சூடானதும் அமுக்கம் கசிந்து அணைந்துவிடும்.

இதையெல்லாம் இரண்டு பேருக்கும் கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினேன். முனாப் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கைருன்னிஸா, “முடிஞ்சுதா வகுப்பு?” என்றாள்.

முடியவில்லை. சந்தேகமும் முடியவில்லை. எஞ்சின் ஆறும்வரை குந்தியிருந்தேன். துருவின் வளையமாக இருந்தால் சூட்டிலும் பிடித்திருக்க வேண்டும். ஆறியதும் சுற்றினேன். உச்சியில் மறுபடியும் ‘டிக்’. இனிக் கேட்பதற்கு எஞ்சினிடம் கேள்வி இல்லை. முனாப்பிடம் கேட்கத்தான் ஒன்று இருந்தது: அன்று அந்தப் பம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததா? லொறிகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலில் காலிதீன் நின்றார். பஸாரில் போன் கடை வைத்திருப்பவர். மற்ற லொறியைப் பார்க்க வந்திருந்தார். இரண்டையும் வாங்கி விரலை விட்டுச் சுற்றினார். சிவப்பில் முகம் சுருங்கியது, நீலத்தில் விரிந்தது.

“இதுதான் சாமான். இதத் தாங்க.”

நான் முனாப்பைப் பார்த்தேன். நீலம் இப்போது ஆறியிருந்தது. முதல் இழுப்பிலேயே எழும்பும். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வெள்ளிக்கிழமை அவர் விமானத்தில் இருப்பார். கைருன்னிஸாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலிதீன், அது தேஞ்சது” என்றார் முனாப். “சூடானா நிண்டிரும். விருப்பமெண்டா வேற எஞ்சின் போட்டு ஓட்டலாம். சும்மா எடுத்திட்டுப் போங்க.”

காலிதீன் கண்ணைச் சுருக்கினார். “சும்மாவா? இப்பிடிச் சொல்லி நல்லத உங்களுக்கே வெச்சிரலாமெண்டு பார்க்கிறீங்களா? எனக்கிட்டயா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஸமட் சேர், நீங்க சொல்லுங்க. அண்டைக்குப் பம்புக்கு நீங்க போட்ட சத்தம் என்ட கடை வரைக்கும் கேட்ட. இவர்ர கதைய நம்பலாமா?”

முனாப் தரையைப் பார்த்தார்.

“நம்பலாம்” என்றேன். “அவர் சொல்லுறது சரி.”

காலிதீன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். “ரெண்டு பேரும் எப்ப ராசியாகின?” என்றார். “அப்ப நிச்சயமா இதில என்னவோ இரிக்கு.” நீலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாங்கள் மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்பதுபோல நடந்தார்.

கைருன்னிஸா சிரித்த சிரிப்பில் முந்தானை தோளிலிருந்து நழுவியது. “காக்கா, நாளைக்குப் பகல் சோறு எங்கட வீட்ட” என்றாள். முனாப் என்னைப் பார்த்தார். நான், “வாங்க மச்சான்” என்றேன்.

வந்தார். படலையைத் திறந்து முற்றத்துக்கு வந்தவர் உள்ளே வரவில்லை. கொட்டிலின் மூலையில் பழைய பம்ப் இருந்தது. படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அதைத் திரும்பவும் பொருத்தி, எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். அவர் குந்தினார். ப்ளக்கைக் கழற்றினார். கையால் சுற்றினார்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஒரு இடத்தில் நின்றது. தாண்டியது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

“ஓம் மச்சான்” என்றார், திரும்பிப் பார்க்காமல். “பிடிக்குது. இப்பத்தான் சுத்திப் பார்க்கிறன்.”

உள்ளே கைருன்னிஸா சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.