மேப்பிள் கரி தொடாத அறுபது பீப்பாய்

கென்டக்கியிலிருந்து ஹாலிஸ் பென்னிபேக்கர் டென்னசியில் இருக்கும் எங்கள் வடிசாலைக்குத் தலைமை வடிப்பாளனாக வந்த முதல் வாரமே வெர்னாவைப் பகைத்துக்கொண்டான். வெர்னா ஸ்டபிள்ஃபீல்டு பத்தொன்பது வருஷமாக எங்களுக்குக் கரி சுடுபவள். மேப்பிள் கட்டைகளை அடுக்கித் தீ வைத்து, சாம்பலாகிவிடாமல் சரியான நேரத்தில் தண்ணீர் அடித்து அணைப்பாள். அந்தக் கரியைப் பத்தடி உயரத் தொட்டியில் நிரப்புவோம். சோளத்திலிருந்து புதிதாய் வடித்த சாராயம் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி, முரட்டுத்தனமெல்லாம் போன பிறகுதான் பீப்பாய்க்குள் போகும். சட்டப்படி டென்னசி விஸ்கி என்ற பேர் கிடைப்பது அதனால்தான். கென்டக்கியில் இந்த வேலையே கிடையாது.

மதியச் சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னாலும், ஹாலிஸ் அவளைக் கரிக்காரி என்றான். நல்லா வடிக்கத் தெரியாதவனுக்குத்தான் வடிகட்டி வேணும் என்றான். வெர்னா பிஸ்கட் ரொட்டியில் கிரேவியை ஊற்றிக்கொண்டே, உங்க ஊர்ல வேலை கிடைக்காமத்தானே இங்க வந்தே என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து, கரி மாற்றும் நாளில், மூன்றாம் தொட்டியைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள் வெர்னா. ஈரமாக, சாராய நெடியோடு இருக்க வேண்டிய கரி வறவறவென்று காய்ந்து கிடந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையைத் துடைக்காமலே நேராக ஹாலிஸிடம் போனாள்.

"அந்தத் தொட்டிக்குள்ள ஒரு சொட்டு இறங்கல. எங்கடா போச்சு?"

ஹாலிஸ் மறைக்கவில்லை. தனியாகக் குழாய் போட்டு, நேரே பீப்பாயில் அடைத்துவிட்டதாகச் சொன்னான். மொத்தம் அறுபது பீப்பாய்.

"சோளத்தோட ருசியை உன் கரி திங்குது. நான் அதைக் காப்பாத்திருக்கேன்."

"காப்பாத்திக்கோ. பீப்பாய் மூடியில டென்னசி விஸ்கின்னு முத்திரை குத்திருக்கியே, அதை அழி."

அவன் அழிக்கவில்லை. முதலாளியிடம் போனாள். யாருக்குத் தெரியப்போகுது, விட்டுடு என்றார் அவர். வெர்னா அன்றைக்கே நாஷ்வில்லில் இருக்கும், மதுவைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். அதிகாரிகள் வந்து குழாயைப் பார்த்தார்கள். அறுபது பீப்பாயும் அந்தப் பேரை இழந்தன.

அதற்கப்புறம் வடிசாலையில் அவளோடு பேசியவர்கள் குறைவு. நானும் கொஞ்ச நாள் ஒதுங்கியே இருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் டிரக்கின் டயரை யாரோ கிழித்தார்கள். மற்றத் தொட்டிகளுக்குக் கரி வேண்டும் என்பதால் முதலாளியால் அவளை அனுப்ப முடியவில்லை. ஹாலிஸும் போகவில்லை. நாலு வருஷம் ஒரே கூரையின் கீழ் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள். அவன் உள்ளே வந்தால் அவள் முற்றத்துக்குப் போய்விடுவாள்.

அந்த அறுபது பீப்பாயையும், கென்டக்கிக்காரர்கள் தங்கள் சோள விஸ்கிக்குச் சொல்லும் பேரில், பூர்பன் என்று லேபிள் ஒட்டிப் பாட்டிலில் அடைத்த அன்று, ஹாலிஸ் ஒரு கிளாஸோடு கரி அடுப்புக்கே வந்தான். லேபிள் ஒட்டுபவள் நான், பின்னாலேயே போனேன்.

"குடிச்சுப் பாரு. பொய் சொல்லாம சொல்லு."

வெர்னா வாங்கினாள். வாயில் ரொம்ப நேரம் வைத்திருந்து விழுங்கினாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எங்களோடது இல்ல."

"அப்ப எதுக்கு என் பேரைக் கெடுத்தே?"

"உன் பேரை நீயே கெடுத்துக்கிட்டே. நான் எங்க பேரைத்தான் பார்த்தேன். இப்ப நகரு, தீயை அணைக்கணும்."

அவன் நகரவில்லை. அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். நீராவியும் கரித்தூளும் அவன் வெள்ளைச் சட்டையெல்லாம் அப்பின. திட்டிக்கொண்டே போனான்.

பூர்பன் நன்றாக விற்றது. முதலாளி அவனுக்கென்று தனிக் கொட்டகை கட்டிக் கொடுத்தார், சாலைக்கு அந்தப் பக்கம். இரண்டு பேரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். பேச்சு வார்த்தை மட்டும் இல்லை.