ஒரு அடி பின்னால்

...முன்னால்தான் நிற்பேன் என்றதற்கு கல்யாணராமன் உடனே சரி என்றுவிட்டான், அதுதான் ஆரோக்கியமேரிக்குப் பொறுக்கவில்லை, டெலிபோனில் ஒரு மூச்சுகூட யோசிக்காமல், "பேஷா நில்லு மேரி, யார் வேண்டாம்னா?" என்று, எட்டு வருஷமாக அவள் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிய விஷயம் அவனுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுகிற மாதிரி... இதோ நிற்கிறாள், தி.நகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் ரெக்கார்டிங் தியேட்டரில், பாடுகிற இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மைக், அதற்கு நேர் எதிரே அவள், வலப்பக்கம் கிடாரோடு கல்யாணராமன், பின்னால் டிரம்ஸில் ஜவஹர், பதிவு நடக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று விசிறியை நிறுத்திவிட்டார்கள், முதுகில் வேர்வை இறங்குகிறது. ரெட் பலூன்ஸ் மறுபடியும் பாடுகிறது. கலைந்துபோன குழு. கலைந்தது என்ன, கல்யாணராமனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது, ரயில் ஏறினான், அவ்வளவுதான், யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அப்போது வந்தது நாலே பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டு, இது எல்.பி., முழுசாகப் பத்துப் பாட்டு. நந்தனம் ஆபீசில் அரை நாள் லீவு கேட்டபோது சூப்பரின்டென்டென்ட் எதற்கு என்றார், பாடப் போறேன் சார் என்றாள், சிரித்தார், கையெழுத்தைப் போட்டுட்டுச் சிரிங்க சார் என்றாள். அப்படித்தான் அவள் பேச்சு. வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள், அதோடு சேர்த்து வாயையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்பார் சித்தப்பா.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்தச் சின்ன ரெக்கார்டு பதிவான அன்றைக்கும் ஒரே மைக்தான். "மேரி, கொஞ்சம் பின்னாடி நின்னுக்கோயேன், உன் குரல் பெரிசோன்னோ, என்னை முழுங்கிடறது" என்றான் கல்யாணராமன், சிரித்துக்கொண்டே, இதமாக. நின்றாள். ஒரு அடி. அப்புறம் இன்னும் ஒரு அடி. ரெக்கார்டு வந்தபோது அவள் அடுத்த வீட்டிலிருந்து பாடுவதுபோல் கேட்டது. சாந்தோமில் அம்மா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, கை கழுவாமல் வந்து உட்கார்ந்து, நாலு பாட்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அல்லாம் நல்லாத்தான் கீது, நீ எங்கடி கீற இதுல?" என்றாள். அந்த நிமிஷம் மேரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மயிலாப்பூரில் அவன் வீட்டு மாடியில் ஒத்திகை, மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி, அவளுக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ், அதுவும் இதுவும் ஒரே கதைதானே, மீன்காரி மகளே, தள்ளி நில்... அவன் நீ என்பான், அவள் நீங்க என்பாள், அதை மட்டும் ஏன் இன்றுவரை மாற்றத் தெரியவில்லை அவளுக்கு? மாற்றியிருக்கலாம். போனிலேயே ஆரம்பித்திருக்கலாம்.

இரண்டு தடவை பாடி இரண்டும் சரிப்படவில்லை. டீ வந்தது. ஒலிப்பதிவு செய்யும் ஹபீபுர் ரஹ்மான் பாய் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளை மட்டும் கை காட்டிக் கூப்பிட்டார், உள்ளே போனாள், டேப்பை ஓடவிட்டார். "கேட்டுக்கினியா தங்கச்சி? மேல போற எடத்துல சாருக்கு சுருதி எறங்குது பாரு. மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னார்னா உன் குரல்ல மூடிக்கும். நாளைலேந்து தியேட்டர் சினிமாக்காரங்களுக்கு, இன்னிக்கு முடிக்கலேன்னா இந்தப் பாட்டு இல்லை. நான் சொன்னா கோச்சுக்குவாரு, நீ பக்குவமா சொல்லிடு." பக்குவமாகவா? அவளா? சந்தோஷமாக இருந்தது, வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது, சுருதி சேரலை, தள்ளி நில்லு, இவ்வளவுதான் சொல்ல வேண்டியது, அந்த நில்லுவோடு நீங்க என்பதும் இன்றைக்குச் செத்தது... கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கல்யாணராமன் சுவரைப் பார்த்தபடி அந்த மேல் இடத்தையே திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்தான், டீ ஆறிக் கிடந்தது, உச்சியில் முடி போய்விட்டது, கைக்குட்டையால் அங்கே ஒற்றிக்கொண்டான். அவளைப் பார்த்ததும், "பம்பாய்ல நான் பாடுவேன்னே ஒருத்தருக்கும் தெரியாது மேரி" என்றான், கேட்காமலே. அவள் வாயைத் திறந்தாள். "உங்க குரல் இப்ப நல்லா கனமாயிடுச்சு, என்னை முழுங்கிடுது. ஒரு அடி பின்னால நின்னுக்குங்களேன்."

வந்துவிட்டது. யார் சொன்னது இதை? அவன் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று, "அப்படியா? விடியக்காலம்பற சாதகம் பண்றேனோன்னோ, அதான்" என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு, கூச்சத்தோடு, சந்தோஷமாகப் பின்னால் போய் நின்றான், போதுமா, இன்னும் போகட்டுமா என்று வேறு கேட்டான். ஜவஹர், "இன்னா மேரி, ஆளைத் தூக்கிப் பின்னால போட்டுட்ட? பழைய பாக்கியா?" என்றான். "அவர் குரல் பெரிசு" என்றாள். ஜவஹர் கடகடவென்று சிரித்தான், அவள் முகத்தைப் பார்த்தான், சட்டென்று நிறுத்திக்கொண்டு குனிந்து டிரம் திருகாணியை முறுக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே முறுக்கிய திருகாணி. எதற்குச் சிரித்தான்? எதற்கு நிறுத்தினான்? அன்றைக்கும் அவன் அங்கேதான், அதே டிரம்ஸில்தான் உட்கார்ந்திருந்தான்... பொய் எவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கு, யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தயாராக நாக்கில் இருந்தது, அப்படியானால் கல்யாணராமனுக்கும் அன்றைக்கு... இல்லை. கண்ணாடி கிளாஸ் நிஜம். கண்ணாடி கிளாஸை யாரும் கற்பனை பண்ண முடியாது. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடி, என் குரல் பெரிசாம்மா, அவங்களையே முழுங்கிடுதாம் என்று அம்மாவிடம் சொன்னதும் நிஜம்தான், கோபம் வந்தது ரெக்கார்டு வந்த பிறகு. கோயில் பாடற்குழுவில் சிஸ்டர் எப்போதும் கடைசி வரிசையில் நிற்க வைப்பார், நீ உயரம் என்பார். உயரம்தான். பக்கத்தில் நின்ற பிலோமினா குள்ளம்... பிலோமினா சுத்தமாகப் பாட வராதவள். சாதி என்றால் சண்டை போடலாம், எட்டு வருஷமாகப் போட்டாயிற்று, ஆபீசில், பஸ்ஸில், கண்ணில் பட்டவரோடெல்லாம். தன் சுருதிதான் சேரவில்லை என்றால் யாரோடு போடுவது? இரண்டுமாக இருந்தால்? கேட்டுவிடலாம், திரும்பி ஒரு வார்த்தை, எதையும் நேராகக் கேட்கிறவள்தானே அவள்... சிவப்பு விளக்கு எரிந்தது. ஜவஹர் குச்சிகளைத் தட்டினான், பாட்டு தொடங்கிவிட்டது, கல்யாணராமன் பின்னாலிருந்து பயமில்லாமல் பாடினான், மேல் இடம் வந்தது, அவள் ஏறினாள், ஏறிக்கொண்டே தன் குரலைக் காது கொடுத்துக் கேட்டாள், சரியாகத்தான் இருக்கிறது, இருக்கிறதா, கண்ணாடிக்குப் பின்னால் ரஹ்மான் பாய் அவளைப் பார்த்துப் புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அவரும் பக்குவமான மனிதர்தான்.