கீழ் ஓரம்

"எத்தனை மணிக்கு மூச்சு நின்னுச்சும்மா?" டாக்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். சான்றிதழில் அந்த ஒன்றுதான் பாக்கி.

தையல்காரி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கட்டிலில் அவள் புருஷன் தலையணையில் சாய்ந்தபடியே இருந்தார். மடியில் வார இதழின் சொல்தேடல் பக்கம், விரலிடுக்கில் பென்சில். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு நேரம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் கையில் ஸ்டாப்வாட்சோடு!

முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டிய மனிதர். இதயம் மக்கர் பண்ணிப் படுத்த நாலு வருஷமாக இந்த எழுத்துக் கட்டங்கள்தான் அவருக்கு எல்லாம். அதிலும் வேகம்தான் முக்கியம். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார், இம்மி பிசகாது. முதலில் ஞ, ழ மாதிரி அபூர்வமாக வரும் எழுத்துள்ள சொற்கள். அதற்கு ரெண்டு நிமிஷம். அப்புறம் ஓரங்கள், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம்: மேல், இடது, கீழ், வலது. கீழ் ஓரத்தை மட்டும் வலமிருந்து இடமாகப் படிப்பார். பிறகு நடுவில் கிடப்பவை, மூலைவாட்டம் கடைசி. ஏழு நிமிஷத்தில் பக்கமே முடிந்துவிடும்.

நேரம் பார்க்க அவள் வேண்டும். வாட்ச் ஓடும்போது எழக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. அவர் முகத்தைப் பார்த்தாலே, "கவனம் சிதறுதுடி!" என்று எரிந்து விழுவார். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். தையல் மெஷின் மூலையில் தூசி படிந்து கிடந்தது.

தங்கை சொந்தமாகத் தையல் கடை போட்டு ரெண்டு வருஷமாகக் கூப்பிடுகிறாள். நேற்று நேரிலேயே வந்து மல்லுக்கட்டினாள். மனுஷன் மசியவில்லை. "இவ போயிட்டா எனக்கு யாரு நேரம் பாப்பா?" அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

இன்று காலை சரியாகப் பதினோரு மணிக்கு வாட்சை அழுத்தினாள். ஏழு நிமிஷம் தாண்டியது. எட்டு. ஒன்பது. அப்பப்பா, அவளுக்கு வந்த சந்தோஷம்! தோற்கட்டும், ஒரு நாளாவது தோற்கட்டும் என்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது நிமிஷத்தில்தான் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தாள்.

"தெரியலன்னா உத்தேசமாச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"இருங்க சார்."

அவர் மடியிலிருந்த பக்கத்தை எடுத்தாள். ஞ வட்டமிட்டிருந்தது, ழ வட்டமிட்டிருந்தது. மேல் ஓரம் முடிந்திருந்தது, இடது ஓரமும். கீழ் ஓரத்தில் வலமிருந்து இடமாகத் 'தக்காளி' கிடந்தது. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். அதன்மேல் பென்சில் படவே இல்லை.

"பதினொன்னு மூணு."

"அவ்வளவு கரெக்டாவா?"

"அவரு கீழ் ஓரத்துக்கு வரவே இல்ல சார்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் எழுதிக்கொண்டு கிளம்பினார். அவள் பதினொன்றில் மூன்றைக் கழித்துப் பார்த்தாள். எட்டு நிமிஷம்! செத்த மனுஷனுக்குப் பக்கத்தில் எட்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள், அதிலும் பாதி நேரம் சந்தோஷமாக. முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தால்? திட்டினால் திட்டிவிட்டுப் போகிறார்.

தங்கை வந்து தோளைத் தொட்டாள். "போதும்க்கா, எந்திரி. எல்லாம் முடியட்டும், என்கூட வந்துரு. இனிமே உன்னை யாரு புடிச்சு வைக்கப் போறா?"

"கொஞ்சம் இருடி."

"ஏன், என்ன?"

அவள் மூடியிருந்த உள்ளங்கையை மெல்ல விரித்தாள். ஐம்பதாவது நிமிஷத்தைத் தாண்டி முள் ஓடிக்கொண்டிருந்தது.