கண்ணாடியில் ஒட்டாத டேக்

என் வீட்டுக்காரர் காரைக் கொஞ்சுவதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். வாங்கி ஒரு வருடமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும், எழுந்தால் பிய்த்துக்கொண்டு வரும். சுங்கச்சாவடி டேக்கையும் முன்கண்ணாடியில் ஒட்டமாட்டார். ஒட்டினால் கறை விழுமாம், பிறகு விற்கப் போனால் விலை குறையுமாம்.

அதனால் டேக்கைத் தூக்கிப் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. சாவடி கண்ணில் பட்டதும் நான் பெல்ட்டைக் கழற்றி, எக்கி, அதைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும் இல்லையா, அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார் மகராசன். பெல்ட் பூட்டில் செருகி வைக்க ஒரு வெறும் கொக்கி. பெண்டாட்டி மண்டை உடைந்தாலும் பரவாயில்லை, அவர் காதுக்குத் தொந்தரவு கூடாது. ஒட்டித் தொலையுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அன்று நாத்தனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாவடியில் வழக்கம்போல் பிடித்தேன். எப்படிப் பிடித்தும் கருவி படிக்கவில்லை, தடுப்புக் கட்டை எழும்பவில்லை. பிடிக்கத் தெரியவில்லை என்று சிடுசிடுத்தவர் என் கையிலிருந்து டேக்கைப் பிடுங்கினார். அது நழுவி அவர் காலடியில் விழுந்தது. அதற்குள் டேக்கைப் படிக்கும் கைக்கருவியோடு சாவடி ஊழியப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்தாள். கார் நிற்கிறதே என்ற நம்பிக்கையில், அவர் பக்கம் வருவதற்காக முன்னால் குறுக்கே நடந்தாள். இவர் குனிந்து டேக்கைத் துழாவினார். கியர் விழுந்தபடியே இருக்க, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். நான் கத்துவதற்குள் கார் நகர்ந்து அவள் முட்டியில் இடித்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அலறி அடித்துக்கொண்டு இறங்கினார். அவளைத் தூக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பம்பருக்கு முன்னால் குந்தி, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, கீறல் விழுந்திருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தார். இந்த மனுஷனோடா இத்தனை காலம் ஒரே தட்டில் சாப்பிட்டேன்!

சாவடி மேற்பார்வையாளர் வந்தார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, இவள்தான் பார்க்காமல் வந்து மோதிக்கொண்டாள் என்று வாய் கூசாமல் சொன்னார் இவர். அந்த வரிசையின் கேமரா பழுதாம். மேற்பார்வையாளர் முட்டியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் முறைத்தார். கவனமில்லாமல் நடந்திருந்தால் இன்றோடு சீட்டு கிழிந்துவிடும் என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

இவர் என் பக்கக் கதவைத் திறந்து குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சுன்னு நீயும் சொல்லிடு. நமக்கெதுக்கு வம்பு?"

அந்த 'நமக்கு' என் மேல் ஏதோ பிசுக்குபோல் ஒட்டியது. அவரை விலக்கிவிட்டு இறங்கினேன்.

"வண்டி நிக்கல சார். இவரு கீழ விழுந்த டேக்கைத் தேடிக்கிட்டு இருந்தாரு. பிரேக்குல கால் இல்ல, ரோட்டுல கண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது. நான் சொன்னதாவே எழுதிக்குங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. மேற்பார்வையாளர் அவரிடம் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார். நான் அந்தப் பெண்ணின் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். கால்சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. நொண்டிக்கொண்டே அவள் என் காதோடு கேட்டாள்.

"வீட்டுக்குப் போனா உங்களை ஏதாவது பண்ணுவாரா அக்கா?"

கார் பக்கமிருந்து ஹாரன் விடாமல் அலறியது. அவர்தான், என்னைக் கூப்பிடுகிறார். நான் அவளைத் தாங்கிக்கொண்டு முதலுதவி அறையைப் பார்த்து நடந்தேன்.