மூன்றாவது முறை கேட்டால்

"எந்தெந்தப் பாட்டு வேணும்னு சொன்னா எழுதிக்குவேம்மா" என்றாள் லினெட், பேனா மூடியைக் கழற்றியபடி.

ஆர்டிஸ் லோக்கன் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை மகன் பக்கம் நகர்த்தினாள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த மதியச் சாப்பாடு. மகள் லினெட்டும் மகன் டுவைனும் வந்திருந்தார்கள். லினெட் கேட்டது ஆர்டிஸின் அடக்க ஆராதனைக்கான பாட்டுகளை. எண்பத்தாறு வயதான ஆர்டிஸ் அப்போது உயிரோடு உட்கார்ந்து, பன்றித் தொடைக்கறியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பவே என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்ணுமில்லம்மா. நீயே இவ்வளவு தெளிவா முடிவெடுத்திருக்க. நாங்களும் அதுக்குத் தக்கபடி நடந்துக்கணுமில்ல?"

டுவைன் தட்டிலிருந்து தலையெடுக்காமல், "பெருமையா இருக்கும்மா" என்றான். கோதுமை நன்றாக விளைந்த வருஷத்தில்தான் அவன் இவ்வளவு பேசுவான்.

பெருமைக்குரிய காரியம் மூன்று வாரத்துக்கு முன் நடந்தது. ஆர்டிஸின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டிருந்தது. அறுபது மைல் தள்ளி இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் ரோமானோ, போன இலையுதிர் காலத்தில்தான் நியூ ஜெர்சியிலிருந்து வந்து சேர்ந்தவர். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை வழியா ஒரு குழாயை விட்டுப் புது வால்வை வச்சிடலாம். உங்க உடம்பு தாங்கும். வச்சா இன்னும் சில வருஷம் நல்லாவே இருக்கலாம். இல்லைன்னா ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. செஞ்சுக்கலாமா?"

"அய்ய, எனக்கெதுக்கு டாக்டர்?" என்றாள் ஆர்டிஸ். "பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. சின்ன வயசுக்காரங்க யாருக்காவது செய்யுங்க."

மேற்கு மின்னசோட்டாவில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதன் அர்த்தம் தெரியும். சரி, செய்யுங்கள் என்று அர்த்தம். பந்திக்கு முந்து என்பார்கள் மற்ற ஊர்களில். எங்கள் ஊரில் பந்திக்குப் பிந்துவதுதான் மரியாதை. காப்பி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று சொல்லி முழுக் கோப்பையை வாங்கிக்கொள்ளலாம். ஐம்பது வருஷத்துக்கு முன் இங்கே வந்த ஒரு பாஸ்டர், முதல் தடவை கேட்டதுமே கேக்கை எடுத்துக்கொண்டார். அந்த மனிதர் எப்பேர்ப்பட்ட பிரசங்கியார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. கேக்கை மட்டும் மறக்கவில்லை.

டாக்டர் ரோமானோ இதெல்லாம் அறியாதவர். "உங்க முடிவை மதிக்கிறேன்" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் அதைப் பதிந்துகொண்டார். ஆர்டிஸ் காத்திருந்தாள். கோட்டை எடுத்து மாட்டினாள். ஆறு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக, அவருக்கு அவகாசம் கொடுத்துப் போட்டாள். நாலாவது பொத்தானில் நிமிர்ந்து பார்த்தபோது, அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லினெட் இந்த மண்ணில் பிறந்தவள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், திருப்பிக் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் பதினோரு ஹாட்டிஷ் வந்தன. கறியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கை அடுக்கி வேகவைத்த அந்தப் பதினோரு பாத்திரங்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில், வாழ்க்கையிலிருந்து அழகாக விடைபெறுவது எப்படி என்பதற்கு ஆர்டிஸை உதாரணம் காட்டினார். காப்பிக்கு மூன்று தடவை கேட்கிற ஊர், உயிருக்கு இன்னொரு தடவை கேட்கவில்லை. கிழவி வேண்டாம் என்றதும் எல்லோருக்கும் காது துல்லியமாகக் கேட்டுவிட்டது.

ஆர்டிஸுக்கோ சாக மனசில்லை. ஏன் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக் காப்பி பிடித்திருந்தது. எதிர்வீட்டுக்காரன் நாலு வருஷமாகக் கட்டும் கார் கொட்டகையை எப்போதுதான் முடிப்பான் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் இப்போது வெளியே சொன்னால் பேராசை பிடித்தவள் என்பார்கள். அதனால் மூன்று வாரமாகப் புன்னகைத்துக்கொண்டே ஹாட்டிஷ் சாப்பிட்டாள்.

"அப்பா மாதிரியேம்மா நீ" என்றாள் லினெட். பேனா இன்னும் கையில் தயாராக இருந்தது. "டயாலிசிஸ் வேண்டாம்னு அப்பா எவ்வளவு கம்பீரமாச் சொன்னார்."

ஆர்டிஸின் முள்கரண்டி நின்றது.

கணவர் ஆரின் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்கு டாக்டர் கேட்டபோது, "எனக்கெதுக்கு? வாரத்துக்கு மூணு நாள் இவ வண்டி ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு அவர் ஆர்டிஸைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போகலாம் என்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "உங்க இஷ்டம்" என்றாள். ஐம்பத்தாறு வருஷம் தினமும் மதியம், இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு போட்டுக்கோங்க என்று அந்த மனிதரை மூன்று தடவை கேட்டவள், அன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஐந்து வாரம் இருந்தார். அந்த ஐந்து வாரமும் அவ்வப்போது அதே மாதிரி அவளைப் பார்த்தார். இப்போது எல்லோரும் அவளிடம் சொல்வதையே அன்று அவளும் அவரிடம் சொன்னாள். பெருமையாக இருக்கிறது என்றாள்.

ஆர்டிஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அவரை அவளே கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. மரியாதையாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி.

"லினெட், அந்தப் பேனாவை மூடி வை. எனக்கு அந்த வால்வு வேணும்."

டுவைன் மெல்லுவதை நிறுத்தினான்.

"நீதானேம்மா வேண்டாம்னு சொன்ன?"

"சொன்னேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சேம்மா. பாஸ்டர் பிரசங்கமே பண்ணிட்டார்."

"கேட்டேன். நல்லாத்தான் பண்ணார்."

லினெட் குரலைத் தணித்தாள். "பயமா இருக்காம்மா? பயமா இருந்தா பாஸ்டர்கிட்ட மனசு விட்டுப் பேசலாம்."

"பயமில்லடி. உசிரோட இருக்க ஆசையா இருக்கு."

சாப்பாட்டு மேசையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல மூவரும் தட்டைப் பார்த்தார்கள்.

"எண்பத்தாறு வயசாச்சும்மா" என்றாள் லினெட் கடைசியில்.

"தெரியும். ஒவ்வொரு வருஷமும் கூடவே இருந்தவ நான்தான்."

"இன்னும் எவ்வளவு நாள்தான் வேணும் உனக்கு?"

"எவ்வளவு இருக்கோ அவ்வளவும்."

லினெட் அழுதாள். மூன்று வாரமாக அவள் அழுத அழுகை வேறு, இது வேறு. "நான் கேட்டிருக்கணுமாம்மா?" என்றாள்.

ஆர்டிஸ் தன் கைக்குட்டையை மகளிடம் நீட்டினாள். கேட்க வேண்டியவள் கேட்காமல் விட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாரத்தை மகள் தலையில் ஏற்ற மனம் வரவில்லை.

டுவைன் தண்ணீர் குடித்தான். "செவ்வாக்கிழமை எனக்கு வேலை ஒண்ணுமில்ல" என்றான். "கூட்டிட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரோமானோ திரையையும் ஆர்டிஸையும் மாறி மாறிப் பார்த்தார். "மனசு மாறினதுக்கு ஏதாவது காரணம் உண்டா?"

"மாறல டாக்டர். நீங்க திருப்பிக் கேக்கல."

டாக்டர் டுவைனைப் பார்த்தார். டுவைன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

"உங்க மேல தப்பில்ல. உங்களை வளர்த்த ஊர் அப்படி."

ஏப்ரலில் வால்வு வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆர்டிஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு ஹாட்டிஷ்கூட வரவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சாகப் போகிறவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். இருக்க ஆசைப்படுகிறவளுக்கு என்ன கொண்டுபோவது என்று எந்தச் சமையல் புத்தகத்திலும் போடவில்லை. சர்ச்சில் பார்த்தவர்கள் "நல்லா இருக்கியே" என்றார்கள். தட்டில் இருந்த கடைசித் துண்டை எடுத்துக்கொண்டவளிடம் பேசுகிற குரலில் சொன்னார்கள். பாஸ்டர் அவளிடம் வானிலை பற்றி மட்டும் பேசினார். லினெட் ஒவ்வொரு ஞாயிறும் விறைப்பான முகத்தோடு அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். யார் என்ன சொன்னாலும் எழுந்து போகவில்லை.

ஜூன் மாதம் ஒரு அடக்க ஆராதனை முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறையில் ஆர்டிஸ் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். டெலோரஸ் கழுவினாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. டெலோரஸுக்கும் இதே வால்வைப் பற்றி அதே டாக்டர் ஜனவரியில் சொல்லியிருந்தார். அவளும் எனக்கெதுக்கு என்றாள். அவளுக்கு எட்டு ஹாட்டிஷ் வந்தன. இப்போதெல்லாம் கீழ்த்தளத்துப் படிக்கட்டில் இறங்க, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க அவளுக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

மற்றப் பெண்கள் மேசைகளை மடிக்கப் போகும் வரை டெலோரஸ் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏண்டி, அந்த டாக்டர் நம்பர் வச்சிருக்கியா?"

"யாருக்கு?"

"என் நாத்தனார் கேட்டா."

டெலோரஸின் கடைசி நாத்தனார் செத்து இருபது வருஷம் ஆகிறது. அந்த அடக்கம் முடிந்த சாப்பாட்டுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவியது ஆர்டிஸ்தான்.

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். அன்றைய ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் நம்பரைப் பெரிதாக எழுதி, டெலோரஸின் ஏப்ரன் பைக்குள் செருகினாள்.

"உன் நாத்தனார்கிட்ட ஒண்ணு சொல்லிடு" என்றாள். "அவர் ஒரே ஒரு தடவைதான் கேப்பார்."